பொன்னுருவியின் விடை: கர்ண மோட்சக் கூத்தில் உறவுகள்

முதுகலை வகுப்பில் காப்பிய மரபு பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மாணவி ஒருத்தி 'க்ளீ' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் குறிப்பிட்டாள். 2009 முதல் 2015 வரை ஒளிபரப்பான அத்தொடர், ஓஹையோ மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பாடகர் குழுவைச் சுற்றிச் சுழலும் இசை நகைச்சுவை. 2009 டிசம்பரில் வந்த ஓர் அத்தியாயத்தை அவள் விவரித்தாள். குவின் என்பவள் கருவுற்றிருக்கிறாள். குழந்தை தன்னுடையது என்று ஃபின் நம்புகிறான். உண்மைத் தந்தை அவனுடைய நண்பன் பக். ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம் அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியாது. போட்டி நெருங்கும் வேளையில் ரேச்சல் அதைச் சொல்லிவிடுகிறாள். அவன் குழுவை உதறிவிட்டுப் போகிறான். கடைசி நேரத்தில் பாடுவதற்காகத் திரும்பி வருகிறான். "பேசித் தீராத உறவைப் பாடித் தீர்க்கிறார்கள் ஐயா, நம்மிடம் இப்படி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள்.

பிறப்பின் ரகசியம், அதை அறிந்தவர் யார், அறியாதவர் யார், யார் சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்ற கேள்விகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் பாட்டும் கேலியுமாக நடக்கும் நாடகம் ஒன்று, நாங்கள் அமர்ந்திருந்த திருவண்ணாமலை நகரிலிருந்து சில மணி நேரப் பேருந்துத் தொலைவில் இன்றும் ஆடப்படுகிறது. கர்ண மோட்சம். அன்று வகுப்பில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலையின் பங்காக வந்த செல்வங்களுள் கூத்தும் ஒன்று. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையும் பெருங்கட்டூரும் கூத்து உலகில் புகழ்பெற்ற பெயர்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும்; இரவில் அதே கதை கூத்தாக ஆடப்படும். இறுதி நாள் காலையில் படுகளம். துரியோதனனின் பெரிய மண்ணுருவம் தரையில் கிடக்க, பீமன் அவனை வீழ்த்துவான். மாலையில் தீமிதி. இந்த வரிசையில் பதினேழாம் நாள் போருக்குரிய இரவுதான் கர்ண மோட்சம்.

இங்கு ஒரு வரலாற்றுக் கேள்வி எழுகிறது. கர்ணனின் மனைவி யார்?

வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் கண்ணனிடம் பேசும் கர்ணன், தன்னை வளர்த்த அதிரதன் தனக்குச் சூத குலத்துப் பெண்களை மணம் முடித்து வைத்ததாகவும், அவர்கள்மீது தன் நெஞ்சம் பிணைந்திருப்பதாகவும் சொல்கிறான். அங்கே அந்த மனைவியருக்குப் பெயரில்லை. குலத்தில் வேறுபாடும் இல்லை. ஆகவே சிக்கலும் இல்லை. கூத்திலோ கர்ணனுக்குப் பொன்னுருவி என்று ஒரு மனைவி இருக்கிறாள். அரச குலத்தவள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதைத் தாங்கிக்கொள்ள முடியாதவள். 'பொன்னுருவி மசக்கை' என்று பெரிய எழுத்துக் கதைப்பாடலாகவும் அச்சேறிப் பரவிய இவள், வடமொழிக் காவியத்தில் இல்லாதவள். முழுக்கத் தமிழ் நாட்டார் மரபு ஈன்ற பெண்.

ஏன் இவள் தேவைப்பட்டாள் என்பதே என் கேள்வி. வியாசரின் கர்ணன் இழிவைச் சந்திப்பது பொது இடங்களில். ஆயுதப் பயிற்சி அரங்கில் குலம் என்னவென்று கேட்கப்படுகிறான். பீமன் அவன் கையில் சாட்டையைக் கொடுக்கச் சொல்கிறான். வீடு திரும்பினால் ராதையும் மனைவியரும் இருக்கிறார்கள். நாட்டார் மரபு அந்த ஒரு புகலிடத்தையும் பறித்துவிட்டது. இழிவைப் படுக்கையறைக்கே கொண்டுவந்தது. சாதி என்பது சபையில் மட்டும் கேட்கப்படும் கேள்வியன்று, உண்ணும் கலத்திலும் உறங்கும் பாயிலும் கேட்கப்படுவது என்பதை அறிந்த ஓர் ஊர்ச் சமூகத்தால்தான் பொன்னுருவியைப் படைத்திருக்க முடியும்.

கூத்தின் மையக் காட்சி இவர்கள் இருவரின் விடைபெறல். குழுவுக்குக் குழு பாடபேதம் உண்டு. வாத்தியாரின் திறத்தைப் பொறுத்து இக்காட்சி நீளும், குறுகும். அதன் எலும்புச் சட்டகம் இதுதான். சேனாதிபதியாகிவிட்ட கர்ணன் களம் புகுமுன் மனைவியைக் காண விரும்புகிறான். அவள் எளிதில் இறங்கி வருவதில்லை. பழைய வெறுப்பு ஒருபுறம், தீய நிமித்தங்கள் தரும் அச்சம் மறுபுறம். இருவரும் மாறி மாறிப் பாடுகிறார்கள். தர்க்கமாகத் தொடங்கும் பாட்டு சிறிது சிறிதாக மன்றாட்டாகிறது. கர்ணன் இறுதியில் தன் பிறப்பைச் சொல்கிறான்: தான் குந்தியின் மூத்த மகன், பாண்டவருக்கு அண்ணன். அவள் உடைந்து மன்னிப்புக் கேட்கிறாள். ஆனால் விடிந்தால் போர்.

இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. கர்ணன் உயர்குலத்தவன் என்று அறிந்த பிறகுதான் அவள் அவனை ஏற்கிறாள். தேரோட்டி மகனாகவே அவனை அவள் ஏற்றாள் இல்லை. கூத்து இதை நியாயப்படுத்துகிறதா, தோலுரிக்கிறதா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். இரண்டாவதுதான் என்று நினைக்க வைப்பவன் கட்டியங்காரன்.

கட்டியங்காரன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியிலும் இருப்பான். திரைக்குப் பின்னால் நிற்கும் வேடக்காரரை அறிமுகப்படுத்துவான், அரசனுக்கு ஏவலாளாவான், அந்தப்புரத்துக்குத் தூது போவான், நடுவில் பார்வையாளரைப் பார்த்து இந்த ஆண்டு மழையையும் உள்ளூர்த் தேர்தலையும் பேசிவிட்டு வருவான். கிரீடமும் புஜக்கட்டையும் பூண்டு அரசர்கள் உரக்கப் பாடுகையில், மரக்கட்டை அணிகள் ஏதும் பூணாமல் நிற்பவன் அவன். குலப்பெருமை பேசும் ராணியிடம் ஒரு வேலைக்காரன் எதிர்க்கேள்வி கேட்டால் அது குற்றம். கோமாளி கேட்டால் சிரிப்பு. கூட்டம் சிரிக்கிறது. ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் அடுத்த பாட்டுக்கு எழுவதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில், கதையின் உறவுச் சிக்கல் ஊரின் உறவுச் சிக்கலாகிவிடுகிறது.

மற்ற உறவுகளும் அதே கேள்வியின் வேறு வடிவங்களே. துரியோதனன் கர்ணனைப் பிறப்புக் கேட்காமல் ஏற்றவன். ஆனால் அந்த ஏற்பின் விலை உயிர். சல்லியன் அரசனாயிருந்தும் கர்ணனுக்குத் தேரோட்ட நேர்ந்ததால் குமைபவன். தேரோட்டி மகனுக்கு ஓர் அரசன் தேரோட்டுகிறான் என்ற முரணைக் கூத்து விடாமல் பயன்படுத்திக்கொள்கிறது. நாகாஸ்திரத்தை மறுமுறை விடமாட்டேன் என்று கர்ணன் மறுக்கும்போது சல்லியன் தேரைவிட்டு இறங்கிப் போகிறான். கண்ணன் அந்தணனாக வந்து புண்ணியத்தைத் தானமாகக் கேட்கிறான். கடைசியில் குந்தி வந்து மகனை மடியில் ஏந்திக்கொள்கிறாள்.

புண்ணியதானமும் குந்தியின் களப்புலம்பலும் வியாசரிடம் இல்லை, வில்லிபுத்தூராரிடம் உண்டு. வியாசரில் குந்தி போர் முடிந்த பின்னரே, ஸ்திரீ பருவத்தில், இறந்தோர்க்கு நீர்க்கடன் செலுத்தும் வேளையில், கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் மூத்தவன் என்று மக்களிடம் சொல்கிறாள். வில்லிபாரதமோ பத்துப் பருவங்களோடு, சௌப்திகத்தில் முடிந்துவிடுகிறது. நீர்க்கடன் காட்சிக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே தாய் மகனை உரிமை கோரும் தருணத்தைப் போர்க்களத்துக்கே முன்னகர்த்த வேண்டியிருந்தது என்பது என் ஊகம். கூத்து வில்லியின் வழியில் வந்து, அதற்கு முந்தைய இரவில் பொன்னுருவியையும் சேர்த்துக்கொண்டது. இப்படியாக, வாழ்ந்தபோது கர்ணனை மறுத்த இரு பெண்களும் சாவின் விளிம்பில் அவனை ஏற்கிறார்கள்.

இக்கூத்து கோயில் திருவிழாவில் மட்டும் ஆடப்படுவதன்று. வட மாவட்டங்களில் கருமாதியை ஒட்டிய இரவில், இறந்தவருக்கு நற்கதி வேண்டிக் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். என் பெரியப்பாவின் காரியத்துக்கும் வைத்தார்கள். அவரும் பெரியம்மாவும் ஏதோ நிலத் தகராற்றில் பிறந்த வீட்டார் பக்கம், புகுந்த வீட்டார் பக்கம் என்று பிரிந்து, ஒரே வீட்டில் பல ஆண்டுகள் பேசாமல் வாழ்ந்தவர்கள். அன்றிரவு பெரியம்மா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். கட்டியங்காரன் பெரியப்பாவின் கஞ்சத்தனத்தைக் கேலி செய்தபோது எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். பொன்னுருவி விடைகொடுக்கும் பாட்டு முடிந்ததும் தன் மகனை அழைத்து, "அந்தப் பாட்டை இன்னொருக்கா பாடச் சொல்லுடா" என்றார். பாடினார்கள். அவர் அழவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான்.

உறவு சாவுச் சடங்கில் உறுதிப்படுகிறது என்பது இந்த நிலத்துக்குப் புதிய எண்ணமன்று. பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன், மதுரை சுல்தானோடு நடந்த போரில் மாண்டான். பிள்ளையில்லாத வல்லாளனுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது தலபுராணம். இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜனுக்குத் திதி கொடுக்கிறார். தந்தையென்று கடவுள் ஏற்பதும், மகனென்று குந்தி ஏற்பதும் இறப்புக்குப் பின்னாலோ அதன் வாசலிலோதான். மலையடிவாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கர்ண மோட்சம் எளிதில் புரிந்துவிடுவதில் வியப்பில்லை.

நகரத்து மேடை கர்ணனை எடுத்துக்கொண்டபோது என்ன நேர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பி. எஸ். ராமையாவின் 'தேரோட்டி மகன்' நாடகத்தை எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் மேடையேற்றியது. 1964இல் பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' திரைப்படம் வந்தது. அதில் மனைவியின் பெயர் சுபாங்கி, கணவனை நேசிப்பவள். குலம் பார்த்து வெறுப்பவர் மாமனார். திரைப்படம் இழிவைப் படுக்கையறையிலிருந்து எடுத்து மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கதாநாயகனின் மனைவி அவனை வெறுக்கக்கூடாது என்ற திரை இலக்கணம் அது. ஊர்க்கூத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை.

1977இல் ந. முத்துசாமி முதலானோர் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் பாடம் கேட்டு நவீன நாடகத்துக்கும் கூத்துக்கும் பாலம் அமைத்தது. முரளி மனோகர் இயக்கிய 'கர்ண மோட்சம்' குறும்படமோ, நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆட வந்து, நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதால் ஆடாமல் நிற்கும் ஒரு கூத்துக் கலைஞரைக் காட்டியது. பள்ளியின் வாசல்வரை வந்த கலைக்கு உள்ளே இடமில்லை.

ஒரு பள்ளியில் இடம் இருந்தது. பெருங்கட்டூர் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில், பிள்ளைகள் பகலில் பள்ளிப் பாடமும் அதனோடு கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஸ்திரீ வேடமும் தாங்கிவந்த மரபில், அங்கே சிறுமியரும் கட்டை கட்டி ஆடினார்கள். 2020இல் அது மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் நம்மிடையே பாட்டும் பாடமும் ஒன்றாயிருந்த பள்ளி ஒன்று நடந்தது என்பதை, அமெரிக்கத் தொடரின் அத்தியாயங்களை மனப்பாடமாக அறிந்த என் மாணவி கேள்விப்பட்டதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் வகுப்பில் அதுவரை சொன்னதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "தேரோட்டி மகன்னு தெரிஞ்சே பொன்னுருவி ஏத்துக்கிற மாதிரி யாராவது ஆடியிருக்காங்களா ஐயா?"

எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்த திருவிழாவில் ஒரு கட்டியங்காரனிடம் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். அவர் சிரிப்பார். பிறகு திரைக்கு முன்னால் போய் அதையே ஊரிடம் கேட்டாலும் கேட்பார்.