பெயரெழுதா மரணங்கள்

சயாம் மரண இரயில் பாதையைக் கண்டுவர ஒரு குழுவாகச் செல்லலாம் என்று சேரப்பணஞ்சேரியில் நாம் சிலர் கூடிப் பேசியபோது, முதலில் எழுந்த கேள்வி செலவைப் பற்றியதன்று. "புனித பூமிக்குப் போகலாமே, அங்கே எதற்கு?" என்பதே அது. நியாயமான கேள்விதான்.

அப்புனித பூமியிலேயே, எருசலேம் நகரில், யாத் வாசெம் என்னும் நினைவகம் உண்டு. நாசிகளால் கொல்லப்பட்ட 60 இலட்சம் யூதர்களுக்காக 1953-இல் நிறுவப்பட்டது. எசாயா 56:5-இலிருந்து எடுக்கப்பட்ட அப்பெயருக்கு 'நினைவுச் சின்னமும் பெயரும்' என்பது பொருள். உறவினர் எழுதித் தரும் சான்றுத் தாள்களிலிருந்தும் பழைய ஆவணங்களிலிருந்தும் இதுவரை 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அங்கே திரட்டியுள்ளனர். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000 மார்ச் 23-இல் அங்குச் சென்று மௌனமாகச் செபித்தார்.

நம்மவர் மாண்ட கதையோ வேறு. 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானது. ரப்பர் வாணிபம் முடங்கியதால் தோட்டத் தமிழர் வேலையிழந்தனர். நல்ல கூலி கிடைக்கும் என்ற சொல்லை நம்பிப் பலர் வண்டியேறினர். ஆள் போதாதபோது வலுவில் பிடித்தும் ஏற்றினர். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கி.மீ. பாதை 1943 அக்டோபர் 17-இல் முடிந்தது. போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோரில் 12,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 2 இலட்சம் பேரில் மாண்டவர் 80,000 முதல் ஓர் இலட்சம் வரை என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பான்மையோர் தமிழரே.

ஓரினத்தாருக்கு எண்ணிக்கையும் மற்றவருக்கு மதிப்பீடும் ஏன்? கைதிகளிடையே அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். இறந்தவர் பெயரை மறைவாகக் குறித்து வைத்தனர். போருக்குப்பின் அக்குறிப்புகளைக் கொண்டே உடல்களைத் தேடி எடுத்தனர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். கூலிகளுக்குப் பட்டியல் எழுத எவருமில்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாக மடிந்தனர்.

இறந்தோரை நினைவுகூரும் நவம்பரில் செல்லத் திட்டமிட்டுள்ளோம். முதல் நாள் கல்லறைத் தோட்டமும், அதனருகே 2003-இல் திறக்கப்பட்ட இரயில் பாதை அருங்காட்சியகமும். மறுநாள், கையுளி கொண்டு பாறை குடைந்த 'நரக நெருப்புக் கணவாய்'. படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ளோர் மேலேயுள்ள காட்சியகத்தோடு நிற்கலாம்.

புறப்படுமுன் ஒரு பணியுண்டு. மலாயா சென்று கடிதம் நின்றுபோனவர் எவரேனும் உண்டா என்று அன்பியக் குடும்பங்களில் கேட்டு வருகிறோம். "அம்மாவின் அண்ணன் ஒருவர் போனார். வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் தெரியும், ஞானஸ்நானப் பெயர் தெரியாது" என்றார் ஒரு மூதாட்டி. அவர் பிறந்த ஊர்ப் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேட முடிவு செய்துள்ளோம். ஏழைக்கும் பெயரெழுதிய ஏடு அதுவன்றோ! கிடைக்கும் பெயர்களை அந்தத் தண்டவாளத்தருகே உரக்க வாசித்துச் செபிப்போம்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. ஒரகடம் ஆலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நம் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். ஓர் அறைக்கு எத்தனை பேர் என்று நாம் சரியாகச் சொல்வோம். அவர்களுள் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? காஞ்சனபுரி செல்லுமுன் அதையும் கேட்டறிவோம்.