தமிழ் அறிவியல் புனைகதைக்கு இடம் கொடுத்தவர்கள்: லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு வெளியீட்டு வரலாறு

பெங்களூருவின் பழைய கன்டோன்மென்ட் பகுதிக்கு வடகிழக்கே, குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் அருகில் இருக்கிறது லிங்கராஜபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்த நாள் முதலே தமிழர் குடியேறிய வட்டாரத்தை ஒட்டிய பகுதி இது. பிற்பாடு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். எனப் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் எழுந்தபோது இன்னொரு தலைமுறைத் தமிழர் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே வாழும் ஒருவர் தமிழில் ஓர் அறிவியல் புனைகதை எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் எங்கே அனுப்புவார்? 1975இல் இந்தக் கேள்விக்கு இருந்த விடை 2005இல் இல்லை. 2005இன் விடை இன்று இல்லை. விடை மாறிக்கொண்டே வந்த கதையைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. கதைகளின் தரத்தைவிட, அவற்றுக்கு அச்சில் இடம் கொடுத்தவர்கள் யார், ஏன் கொடுத்தார்கள் என்பதே இங்கு முதன்மை.

தமிழ் நவீன உரைநடை தொடங்கிய காலத்தில் மிகுபுனைவுக்குத் தனி அடையாளச் சீட்டு தேவைப்படவில்லை. பாரதியின் ‘ஞானரதம்’ ஞானத்தைத் தேராக்கிக் கந்தர்வ உலகுக்குப் போய்வருகிறது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ 1943இல் கலைமகளில் வந்தபோது, சிவபெருமான் சென்னைக்கு வந்து திண்டாடும் கதையை எந்தப் பிரிவில் அடக்குவது என்று யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. ஆசிரியருக்குப் பிடித்தால் கதை அச்சேறும், அவ்வளவுதான். இந்தத் தாராளத்துக்கு ஒரு விலையும் இருந்தது. தனிப் பிரிவு என்று ஒன்று இல்லாததால் அதற்கென்று வாசகர் கூட்டமும் திரளவில்லை, பதிப்பாளரும் உருவாகவில்லை.

வாசகரின் கற்பனை வேறு வழியில் தயாராகிக்கொண்டிருந்தது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா வேதாளத்தைத் தோளில் சுமக்கக் கற்றுக்கொடுத்தது. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் மிதக்கும் அந்தப் பிரிட்டிஷ் நாயகன், தமிழ்ச் சிறுவர்களுக்குச் சொந்தக்காரனாகிவிட்டான். ஆனால் அது மொழிபெயர்ப்பு. தமிழில் எழுத நினைத்தவருக்கு அதில் இடமில்லை.

சுஜாதா: வார இதழ் திறந்த வாசல்

இந்த நிலையை மாற்றியவர் பெங்களூருவில்தான் இருந்தார். எஸ். ரங்கராஜன் என்ற சுஜாதா (1935–2008), சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்தவர். மத்திய விமானப் போக்குவரத்துத் துறைப் பணிக்குப் பிறகு ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். பகலில் மின்சுற்று, இரவில் தொடர்கதை என்று இரண்டு வேலைகளையும் அவர் இந்த நகரத்திலிருந்தே பார்த்தார். லிங்கராஜபுரத்திலிருந்து ஜாலஹள்ளி நகரின் மறுகோடி. ஆனாலும் இங்குள்ள தமிழ் வாசகருக்கு, எதிர்காலத்தைப் பற்றிய தமிழ்க் கதைகள் எழுதப்பட்ட ஊர் தம்முடைய ஊரே என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

சுஜாதாவுக்கு வார இதழ்களில் கிடைத்த இடம் அறிவியல் கதைக்காகக் கிடைத்ததல்ல. 1960களில் குமுதத்தில் சிறுகதை, அதைத் தொடர்ந்து ‘நைலான் கயிறு’, கணேஷ்–வசந்த் துப்பறியும் கதைகள் எனப் பெயர் நிலைபெற்ற பிறகே ஆசிரியர்கள் அவர் எதைத் தந்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலை வந்தது. அந்த நம்பிக்கையைத்தான் அவர் அறிவியல் கதைக்குப் பயன்படுத்தினார். ‘சொர்க்கத் தீவு’, தீபாவளி மலர்களிலும் வார இதழ்களிலும் சிதறிக் கிடந்து பின்னர் தொகுக்கப்பட்ட சிறுகதைகள், 1980களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’, அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ என்று அந்த வரிசை நீள்கிறது.

‘என் இனிய இயந்திரா’வை வெளியீட்டு வரலாற்றின் கண்ணால் பார்ப்பது பயனுள்ளது. எதிர்கால இந்தியா. ஜீவா என்ற தலைவரின் சர்வாதிகாரம். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள். பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஜீனோ என்ற இயந்திர நாய். கதைக்குள் இருக்கும் அரசியல் கனமானது, அதைச் சுமப்பதோ வாயாடி நாய்க்குட்டி. இந்தச் சேர்க்கைக்கு வார இதழின் இயல்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஒரு வார அத்தியாயம் சில பக்கங்களுக்குள் முடிய வேண்டும், ஒரு திருப்பத்தில் நிற்க வேண்டும், விஞ்ஞானம் படிக்காத வாசகரும் அடுத்த வாரம் காத்திருக்க வேண்டும். நீண்ட உலகக் கட்டுமானத்துக்கு அங்கே நேரமில்லை, வேகமான உரையாடலுக்கு நேரமுண்டு. தமிழ் அறிவியல் கதை இன்றுவரை சுருக்கமாகவும் குறும்பாகவும் கடைசி வரியில் ஒரு குத்தோடும் முடிவதற்கு, சுஜாதாவின் மனப்பாங்கு எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அந்தப் பக்க அளவும்.

அடுத்துக் கேட்க வேண்டியது, அந்த வாசல் வழியே வேறு யார் நுழைந்தார்கள் என்பது. விடை ஏமாற்றம் தருகிறது. ‘என் இனிய இயந்திரா’வின் வெற்றிக்குப் பிறகும் எந்தப் பெரிய வார இதழும் அறிவியல் கதைக்கென்று நிலையான பக்கம் ஒதுக்கவில்லை. ராஜேஷ்குமார் போன்றவர்கள் மாத நாவல்களில் விஞ்ஞானத்தைக் குற்றக் கதையின் மசாலாவாகச் சேர்த்தார்கள். இஸ்ரோ விஞ்ஞானியான நெல்லை சு. முத்து அறிவியல் எழுத்தோடு புனைவும் எழுதினார். தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’ விகடனில் தொடராக வந்தபோது 2010களில் இருந்தோம். இடைவெளி கால் நூற்றாண்டு. விகடனும் குமுதமும் விற்றது சுஜாதா என்ற பெயரை. அறிவியல் புனைகதை அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

மற்ற மொழிகள் செய்தது

இது தமிழுக்கு விதிக்கப்பட்ட ஒன்றல்ல என்பதைப் பிற இந்திய மொழிகள் காட்டுகின்றன. வங்காளத்தில் அத்ரீஷ் வர்தன் 1963இல் ‘ஆஷ்சர்ஜ’ என்ற அறிவியல் புனைகதை இதழையே தொடங்கினார். மராத்தியில் 1966இல் அமைந்த மராத்தி விஞ்ஞான பரிஷத் அறிவியல் கதைப் போட்டி நடத்தியது. 1974இல் அந்தப் போட்டிக்கு வானியற்பியலாளர் ஜயந்த் நார்ளிகர் தம் பெயரை மறைத்து, நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற புனைபெயரில் கருந்துளை பற்றிய கதையை அனுப்பிப் பரிசு வென்ற நிகழ்ச்சி நன்கு அறியப்பட்டது. புகழ் பெற்ற ஒருவர் தம் புகழைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் நிற்க அங்கே ஒரு வரிசை இருந்தது. தமிழில் அப்படியொரு வரிசை அப்போது இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட் 1993இல் பால் போண்ட்கே தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்திய அறிவியல் கதைத் தொகுப்பில் மராத்திக் கதைகள் பலவாக இருக்க, தமிழின் முகமாக நின்றவர் மறுபடியும் சுஜாதா.

1998இல் வேலூரில் இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது. கே.எஸ். புருஷோத்தமன் முன்னின்று நிறுவிய இச்சங்கம் பின்னர் பெங்களூருவை மையமாகக் கொண்டு இயங்கியது. ஆக, முன்பு ஜாலஹள்ளியில் எழுத்தாளர், பின்னர் நகரத்தில் ஆய்வுச் சங்கம், லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் தமிழ் வாசகர் என மூன்றும் ஒரே ஊரில் அமைந்தன. ஆனால் சங்கத்தின் கருத்தரங்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்துறைப் பேராசிரியர்களின் உலகத்தில் நடந்தன. தமிழில் எழுதுபவருக்குக் கதை வெளியிட ஒரு பக்கம்கூட அதனால் கூடவில்லை. ஆய்வுக்குப் பொருள் இருந்தது, படைப்புக்கு இடம் இருக்கவில்லை.

இணையம்

திருப்பம் இணையத்தில் வந்தது. 1999இல் தொடங்கிய திண்ணை, அறிவியல் கட்டுரையையும் கதையையும் இலக்கியத்துக்குச் சமமாக நடத்திய இணைய இதழ். 2000களின் நடுவில் திண்ணையும் மரத்தடி இணையக் குழுமமும் சேர்ந்து அறிவியல் புனைகதைப் போட்டி ஒன்றை நடத்தின. நடுவர் சுஜாதா. வார இதழ் வாசலில் தனியாக நுழைந்தவர், இப்போது மற்றவர்களை உள்ளே விடும் இடத்தில் இருந்தார். புதியவர் எழுதியனுப்ப ஒரு முகவரி, படித்துத் தேர்ந்தெடுக்க ஒரு நடுவர், தேர்வானவற்றைத் தொகுக்க ஒரு வாய்ப்பு என மூன்றும் ஒன்றுகூடிய அந்தப் போட்டியை, தமிழில் இவ்வகை எழுத்து ஒரு தனி மனிதரின் சொத்தாக இருந்த நிலை மாறத் தொடங்கிய புள்ளி என்பேன்.

ஜெயமோகனின் ‘விசும்பு’ (2006) இதே காலத்தது. அதிலுள்ள கதைகள் இணையத்தில் வெளிவந்து நூலானவை. சித்த மருத்துவம், யோகம், இந்தியத் தத்துவ மரபு ஆகியவற்றிலிருந்து அறிவியல் கேள்விகளை எழுப்பும் இக்கதைகளை எண்பதுகளின் வார இதழ் ஏற்றிருக்குமா என்பது ஐயமே. பக்க வரம்பும் விற்பனைக் கவலையும் இல்லாத ஊடகமே அவற்றுக்கு ஏற்றது. 2009இல் தொடங்கிய சொல்வனம் அந்தப் பாதையைத் தொடர்ந்தது. அச்சில் வம்சி போன்ற சிறு பதிப்பகங்கள் துணிந்தன. க. சுதாகரின் ‘6174’ அப்படி 2012இல் வந்த அறிவியல் திகில் நாவல்.

அடுத்த படி சிங்கப்பூரில் எடுத்து வைக்கப்பட்டது. 2018இல் சில நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய ‘அரூ’ இணைய இதழ், கனவுருப்புனைவுக்கும் அறிவியல் புனைவுக்குமே தன்னை ஒப்புக்கொடுத்தது. அடுத்த ஆண்டே சிறுகதைப் போட்டியை அறிவித்தது. தமிழில் இவ்வகைக்கு ஒரு முழு இதழ் கிடைக்க, வங்காளத்துக்குப் பிறகு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அந்த இதழ் சென்னையிலோ மதுரையிலோ பிறக்காமல் கடல் கடந்து பிறந்ததில் எனக்கு வியப்பில்லை. பெரிய இதழ்களின் நிழல் விழாத இடத்தில்தான் இப்படிப்பட்ட செடி முளைக்கிறது.

பெங்களூருவும் இதில் பங்கு வகித்தது, கொஞ்சம் விநோதமாக. 2014இல் இந்த நகரத்தில் தோன்றிய பிரதிலிபி நிறுவனம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் யார் வேண்டுமானாலும் கதை வெளியிடலாம் என்ற நிலையை உண்டாக்கியது. அமேசான் கிண்டில் தமிழுக்கு வந்தது. 2018இல் அதன் எழுத்துப் போட்டியில் தமிழும் சேர்க்கப்பட்டது. லிங்கராஜபுரத்து எழுத்தாளர் இப்போது கைப்பேசியிலேயே கதையை வெளியிட்டுவிடலாம். தபால் உறை, திரும்பி வரும் கைப்பிரதி, பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு எதுவும் கிடையாது. ஆனால் அந்த மேடைகளில் முன்னுக்கு வருவன பெரும்பாலும் குடும்பக் கதைகளும் காதலும் பேயும். எண்ணிக்கையைப் பார்த்து வரிசைப்படுத்தும் இயந்திரத்துக்கு, ஐம்பது பேர் ஆழ்ந்து படிக்கும் கதையின் அருமை தெரியாது. குமுதத்தின் ஆசிரியர் குழு செய்த வேலையை யாரும் செய்யாத இடம் அது. இன்னொரு பக்கம், பழைய வாசல்களும் குறுகின. 1941இல் தொடங்கிய கல்கி 2020இல் அச்சிதழை நிறுத்தியது.

பிலிப்பைன்ஸ் காட்டும் ஒன்று

நம்மைப் போலவே வார இதழ் மரபுள்ள நாடு பிலிப்பைன்ஸ். அங்கே 1922இல் தொடங்கிய ‘லிவைவை’ தகலாக் வாசகருக்கு நம் விகடன் போல. 1950இல் நிறுவப்பட்ட பலாங்கா பரிசு அந்நாட்டின் பெரிய இலக்கிய அங்கீகாரம். இருந்தும் மிகுபுனைவுக்கு அங்கும் தனி இடம் இல்லாதிருந்தது. டீன் ஃபிரான்சிஸ் அல்ஃபார் என்ற எழுத்தாளர் 2005இல் பிலிப்பைன்ஸ் மிகுபுனைவுக் கதைகளின் தொகுதியொன்றைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு அவருடைய ‘சாலமாங்கா’ நாவலுக்குப் பலாங்கா பெரும்பரிசு கிடைத்தது. தொகுதி ஒன்றோடு நிற்கவில்லை. வரிசையாக வளர்ந்து பத்துத் தொகுதிகளை எட்டியது. அழைப்பு விடுத்து, தேர்ந்தெடுத்து, திருத்தி வெளியிடுவது பழக்கமானது. இளம் எழுத்தாளர்கள் அடுத்த அழைப்பு வரும் என்று நம்பி எழுதினார்கள்.

அவர்கள் ஆங்கிலத்திலும் எழுதுவதால் அமெரிக்க இதழ்களின் கதவும் திறந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. அந்த வசதி நம் ஊரில் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கும் உண்டு. லாவண்யா லக்ஷ்மிநாராயண் எதிர்காலப் பெங்களூருவை வைத்து எழுதிய நூல் 2020இல் இந்தியாவில் வந்தது. பின்னர் பிரிட்டனில் வேறு பெயரில் வெளியாகி ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியல்வரை சென்றது. அமெரிக்க இதழ்கள் போன்ற வெளிநாட்டு இதழ்களில் சொல்லுக்கு இவ்வளவு சென்ட் என்று கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள். அதே தெருவில் தமிழில் எழுதுபவருக்குப் பெரும்பாலும் சன்மானம் இல்லை. சில பிரதிகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே ஊர், ஒரே எதிர்காலம், இரண்டு விலை.

மொழிபெயர்ப்பு இதைக் கொஞ்சம் சரிசெய்யலாம். சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தந்து, நாம் மலிவென்று ஒதுக்கியவற்றுக்கு வெளியே வாசகர் உண்டு என்று காட்டியது. அறிவியல் கதைக்கும் அதே முயற்சி செய்யத் தகும்.

இவ்வரலாற்றிலிருந்து நான் வந்தடையும் முடிவு இது: தமிழில் இவ்வகை எழுத்துக்குக் குறைந்தது எழுத்தாளரோ வாசகரோ அல்ல, தொடர்ச்சி. வார இதழ் ஒரு பெயரை நம்பியது, போட்டிகள் நடத்துபவரின் உற்சாகத்தை நம்பின, இணைய மேடை எண்ணிக்கையை நம்புகிறது. ஆண்டுதோறும் வரும், திருத்தப்பட்ட, சிறு சன்மானமாவது தரும் தொகுதி ஒன்றுகூட நம்மிடம் நிலைபெறவில்லை. அதற்குப் பெரிய முதல் வேண்டாம். அல்சூரில் பல பதிற்றாண்டுகளாக இயங்கும் பெங்களூருத் தமிழ்ச் சங்கமும், இந்நகரின் மென்பொருள் நிறுவனங்களில் வேலைபார்க்கும் தமிழ் வாசகர்களும் மனம் வைத்தால், சுஜாதா எழுதிய ஊரிலிருந்தே அப்படியொரு ஆண்டுத் தொகுதியைக் கொண்டுவர முடியும். அழைப்பு விடுக்க ஒருவர், கதைகளைக் கண்டிப்போடு திருத்த ஒருவர், எழுதியவருக்குப் பணம் கொடுக்க ஓர் அமைப்பு போதும். இதைப் படிக்கும் பெங்களூருத் தமிழர் யாரேனும் முதல் அழைப்பை விடுக்க வேண்டுகிறேன்.