இரண்டாவது தடவை: வயிற்றைச் சுருக்கும் சத்திரசிகிச்சையின் கதை

2024 டிசம்பர் விடுமுறைக்கு நான் திம்புள்ளைக்கு வீட்டுக்குப் போயிருந்தப்போ, கொழும்பிலிருந்து அத்தையும் வந்திருந்தார். அப்பாவோட அக்கா. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு எல்லோரும் அடுப்படியில குளிர் காய்ஞ்சுக்கிட்டு இருந்தப்போ, "டொக்டர் இன்னொரு ஒப்பரேஷன் செஞ்சு பாக்கலாம்னு சொல்றாரு" என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசல. பிறகு அப்பாதான் கேட்டார்: "ஒரு தடவ வெட்டியும் சரிவரலன்னா, கொற கத்தியிலயா அக்கா, ஒங்க வாயிலயா?"

அத்தை பதில் சொல்லல. சட்டி பானையைக் கழுவ எழுந்து போயிட்டார்.

அத்தைக்கு 2017இல் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரைப்பையை வெட்டிச் சுருக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. அப்போ 118 கிலோ. ஒன்றரை வருஷத்தில் 80க்கு இறங்கினார். சீனி வருத்தத்துக்குப் போட்ட குளிசை பாதியாகக் குறைஞ்சது. தோட்டத்துக்கு வந்தப்போ ஆள் அடையாளம் தெரியலன்னு சொன்னவங்க நிறையப் பேர். இப்போ மறுபடி 107. கூடவே ராத்திரி படுக்க முடியாத அளவுக்கு நெஞ்செரிவு. இடைப்பட்ட வருஷங்களில் ஆஸ்பத்திரியிலிருந்து எப்படி இருக்கீங்கன்னு ஒரு தொலைபேசி அழைப்புகூட வரல.

நான் படிக்கிறது வரலாறு, மருத்துவம் இல்ல. ஆனா அப்பா கேட்டது ஒரு வரலாற்றுக் கேள்வி என்று எனக்குத் தோணுச்சு. ஒரு சிகிச்சை "தோத்துப்போச்சு" என்று சொல்லும்போது யார் தோத்தாங்கன்னு யார் முடிவு செய்றாங்க? விடுமுறை முடிஞ்சு திரும்பி வந்து, இந்தச் சத்திரசிகிச்சையின் கதையைத் தேடிப் படிச்சேன். எதிர்பார்க்காத ஒன்று கிடைச்சது. இந்தத் துறையே இரண்டாவது தடவைகளால் ஆன துறை.

1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிச் சாப்பாட்டை அனுப்பும் முறையைப் பற்றி எழுதினார்கள். குடலின் நீளம் குறைஞ்சா உடம்பில் சேர்ற சத்தும் குறையும், எடையும் குறையும் என்பதுதான் கணக்கு. 1960களில் பெய்ன், டிவிண்ட் ஆகியோர் இன்னும் ஒரு படி மேலே போய் சிறுகுடலைப் பெருங்குடலோடயே இணைச்சுப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு நிற்காத வயிற்றுப்போக்கு. அதை விட்டுட்டு அவங்களே வேறொரு இணைப்புக்கு மாறினாங்க. அதிலயும் கல்லீரல் பாதிப்பு, சிறுநீரகக் கல், மூட்டுவலி. கடைசியில் நிறையப் பேருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டி வந்தது. இணைச்சதும் எடையும் பழையபடி வந்துச்சு.

அடுத்து அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன். புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவங்க பிறகு எடை கூடாம மெலிஞ்சே இருக்காங்க என்பதைக் கவனிச்சவர். 1966இல் இரைப்பையின் மேல்பகுதியை மட்டும் சின்னப் பையாகப் பிரிச்சு, அதைச் சிறுகுடலோட இணைச்சார். இன்றைக்கு 'பைபாஸ்' என்று சொல்றதுக்கு மூலம் இதுதான். அதோட அவர் நின்னுடல. 1970களின் தொடக்கத்தில் குடலைத் தொடாம இரைப்பையை மட்டும் பிரிச்சுப் பார்த்தார். அது போதல. 1980இல் இரைப்பையைச் செங்குத்தாகத் தைச்சு, வாசலில் ஒரு பட்டி போடும் முறைக்கு மாறினார். தையல் விட்டுப்போறது, பட்டி இறுகிறது, எடை திரும்ப ஏறுறது என்று அதுவும் பிறகு கைவிடப்பட்டது. இதற்கிடையில் மேசனின் முதல் பைபாஸில் பித்தநீர் மேலே ஏறுது என்று 1977இல் கிரிஃபன் குழுவினர் இணைப்பின் வடிவத்தை மாற்றினார்கள். இன்றைக்கும் நிற்பது அந்த வடிவம்தான்.

1986இல் குஸ்மாக் என்பவர், தேவைக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் முடிஞ்ச பட்டியைக் கொண்டு வந்தார். 2001இல் அப்படியொரு பட்டிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைச்சது. ஒரு பத்து வருஷம் அதுக்கு ஓஹோன்னு பேர். பிறகு பட்டி நழுவி, இரைப்பையை அரிச்சு, ஆயிரக்கணக்கானவங்களுக்குக் கழட்ட வேண்டி வந்தது.

இப்போ அத்தைக்கு நடந்த முறைக்கு வர்றேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியை ஒரு குழாய் போல ஆக்குறது. 'ஸ்லீவ்' என்கிறாங்க. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் அதிகமாகச் சுரக்கிற பகுதியும் வெட்டுற பங்கோடு போயிடும். அதனால் முதலில் பசியே குறையும். இன்றைக்கு உலகத்தில் அதிகமாகச் செய்யப்படுறது இதுதான். ஆனா இது தனிச் சிகிச்சையாகப் பிறக்கல. குடலையும் மாற்றி அமைக்கும் ஒரு பெரிய சத்திரசிகிச்சையின் முதல் பாதி அது. உடம்பு ரொம்பப் பருத்தவங்களுக்கு முழுசையும் ஒரே நேரத்தில் செய்றது ஆபத்து என்பதால், 2000ஆம் ஆண்டை ஒட்டி மிஷெல் கான்யே போன்றவர்கள் அதை இரண்டாகப் பிரிச்சார்கள். முதலில் இரைப்பையைச் சுருக்கணும், கொஞ்சம் எடை இறங்கின பிறகு குடல் வேலை. முதல் பாதியிலேயே சிலருக்குப் போதுமான எடை இறங்கிடுச்சு. அவங்க இரண்டாவது பாதிக்கு வரல. அப்படித்தான் பாதி, முழுசாச்சு.

இதைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வெச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சத்திரசிகிச்சை கேக்கிற அத்தை பேராசைக்காரி இல்ல. அவருக்குச் செஞ்ச வைத்தியமே, தொடக்கத்தில் இரண்டு தடவையாகத் திட்டமிட்ட ஒன்று.

இன்னொன்றும் இருக்கு. 1987இல் சுவீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வின் கணக்கு 2007இல் வெளிவந்தது. பைபாஸ் செஞ்சவங்க முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் குறைஞ்சாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா அது 25 சதவீதம். பட்டி போட்டவங்களுக்கு 20, பிறகு 14. அதாவது கொஞ்சம் திரும்பி ஏறுறதுதான் பொதுவான போக்கு. அதே ஆய்வில், சத்திரசிகிச்சை செஞ்சவங்களின் மரண வீதம் செய்யாதவங்களைவிடக் குறைவு என்றும் தெரிஞ்சது. ஏறினாலும் பலன் இருந்திருக்கு.

மேசன் தன் முறையைத் தானே இரண்டு தடவை மாற்றினப்போ அதுக்குப் பேர் ஆராய்ச்சி, முன்னேற்றம். அந்த முறைகளை வயிற்றில் சுமந்தவங்க திரும்பி வந்தப்போ மட்டும் அவங்களுக்கு நாக்குக் கட்டுப்பாடு இல்லைன்னு பேர்.

இப்போ நம்ம மலைக்கு வர்றேன். இந்தச் சிகிச்சையை திம்புள்ளயோட சேர்த்துப் பேசுறதே சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். தோட்டம்னாலே பட்டினி, சோகை, எடை குறைஞ்ச பிள்ளைகள் என்றுதான் நாம எழுதிப் பழகியிருக்கோம். அது பொய்யும் இல்ல. ஆனா தோட்டத்துச் சாப்பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கு. கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டம் அரிசியைக் கொடுத்துட்டுச் சம்பளத்தில் பிடிச்சுக்கும். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அந்த அரிசி நின்னு போச்சு, கோதுமை மா உள்ளே வந்தது. ரொட்டி நம்ம சாப்பாடாச்சு. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். பட்டினியால ஆட்கள் செத்தாங்க. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதால், பஞ்சத்தப்போ எங்களுக்காகப் பேச வேண்டிய வாக்கும் பலரிடம் இருக்கல.

அத்தை பிறந்தது 1974. அப்பாயி அவரை வயிற்றில் வெச்சிருந்த மாசங்களில் லயத்தில் மரவள்ளிக் கிழங்கும் கீரையும்தான்னு சொல்லுவாங்க.

1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை உணவை அடைச்சதால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போ கருவில் இருந்த ஆண்களை 19 வயதில் இராணுவத்துக்குச் சோதிச்ச பதிவுகளை வெச்சு 1976இல் ஒரு ஆய்வு வந்தது. கருவின் முதல் பாதியில் பஞ்சம் பார்த்தவங்களிடம் உடல் பருமன் அதிகமாக இருந்தது. பட்டினியில் உருவான உடம்பு, கிடைக்கிறதைச் சேர்த்து வைக்கப் பழகிடுது என்ற கருத்தை 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் முன்வெச்சாங்க. இதை வெச்சு அத்தையோட எடைக்குக் காரணம் இதுதான்னு நான் தீர்ப்புச் சொல்ல வரல. கொழும்பில் இருபது வருஷம் கடையில் நின்னபடியே சாப்பிட்ட வாழ்க்கையும் அந்த எடையில் இருக்கு. ஆனா "ஒங்க வாயிலயா" என்ற கேள்விக்குள்ள அப்பாயியோட பசி வரவேயில்லை என்பதை நான் சொல்லத்தான் வேணும்.

இதெல்லாம் படிச்சிட்டு, அப்போ உடனே செஞ்சுக்கங்கன்னு நான் அத்தைக்குச் சொல்லல. இரண்டாவது தடவை முதல் தடவையைவிடச் சிக்கலானது. ஏற்கெனவே வெட்டின இடத்தில் தழும்பு இருக்கும், கசிவுக்கும் தொற்றுக்கும் வாய்ப்பு கூட. 2024 ஏப்ரலில் எடைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் உயிரிழந்ததை நாம எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அவருக்கு அது முதல் தடவைதான். 2021க்குப் பிறகு எடை குறைக்கிற ஊசிகளும் வந்திருக்கு. நிறுத்தினா எடை திரும்புது. விலையும் நம்மளுக்கு எட்டாது. ஆனா கேட்டுப் பார்க்க வேண்டிய வழி.

அதனால் அத்தையும் நானும் சேர்ந்து ஒரு கொப்பித் தாளில் கேள்விகளை எழுதினோம். முதலில் கமரா விட்டுப் பார்ப்பீங்களா, இரைப்பைக் குழாய் விரிஞ்சிருக்கா இல்ல வேறு காரணமா? நெஞ்செரிவு குறைய பைபாஸ்தான் வழியா? இந்த முறையை நீங்க எத்தனை பேருக்கு இரண்டாவது தடவையாகச் செஞ்சிருக்கீங்க? ஐந்து வருஷம் கழிச்சும் யார் என்னைப் பார்ப்பாங்க? அரச ஆஸ்பத்திரியில் செய்ய முடியுமா? இரும்புச்சத்துக் குளிசையை எப்போ போடணும்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். பைபாஸுக்குப் பிறகு இரும்புச்சத்து உடம்பில் சேர்றது குறையும். குளிசையைத் தேத்தண்ணியோட போட்டா இன்னும் குறையும். தேத்தண்ணி இல்லாம ஒரு குளிசைகூட விழுங்கத் தெரியாத ஊர் எங்களோடது.

அப்பாவுக்கு இந்தக் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். பாதி முழுசான கதையை இரண்டு தடவை கேட்டார். மன்னிப்பெல்லாம் கேக்கல, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல. "கிளினிக் எந்தத் தேதி? நானும் வர்றேன்னு அக்காகிட்ட சொல்லு" என்றார்.

அத்தை இன்னும் முடிவெடுக்கல. எடுக்கிற முடிவு அவருடையதாக இருக்கட்டும்.