ஆணையிடாத நா

நாவடக்கம் என்றவுடன் குறைத்துப் பேசுதல், இன்சொல் கூறல், புறங்கூறாமை ஆகியவையே நம் நினைவுக்கு வரும். கிறித்தவ மரபிலும் இவற்றுக்குக் குறைவில்லை. நாவை நெருப்புக்கு ஒப்பிட்டு எச்சரிக்கிறது யாக்கோபின் நிருபம். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கில் மௌனத்துக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆயின், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு சிறு கூட்டத்தார் மேற்கொண்ட நாகாப்பு வேறு வகையானது. பொய் நுழையக்கூடிய வாயில்கள் அனைத்தையும் தம் பேச்சிலிருந்து அடைக்க அவர்கள் முயன்றனர். அதற்காகச் சிறையும் சென்றனர்.

அவர்கள் 'நண்பர்கள் சபை'யினர். ஊரார் ஏளனமாக இட்ட பெயர் குவேக்கர், அதாவது நடுங்குவோர். நெசவாளர் ஒருவரின் மகனான ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624-1691) இவர்களின் முன்னோடி.

முதற்சிக்கல் முன்னிலைச் சொல்லில் எழுந்தது. அக்கால ஆங்கிலத்தில் எளியோரை ஒருமையிலும் மேலோரைப் பன்மையிலும் விளிப்பது வழக்கம். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டில் வளர்ந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒருவரைப் பலராகச் சொல்வது முகத்துதி, முகத்துதி பொய்க்கு உறவு என்பது குவேக்கர் கருத்து. எனவே நீதிபதியையும் 'நீ' என்றனர். பார்வையிழந்த மில்டனுக்கு நூல்கள் படித்துக்காட்டியவர் என்று இலக்கிய வாசகர்கள் அறிந்த தாமஸ் எல்வுட், தந்தையை இவ்வாறு விளித்தமைக்காக அவரிடமே அடிபட்டார். தந்தையோ ஊரின் நீதி நடுவருள் ஒருவர்!

அடுத்தது கடைவீதி. கூடுதலாக விலை சொல்லிப் பேரத்தில் இறங்குவதே அன்றைய வணிக முறை. முதலில் சொல்லும் விலை பொய்தானே என்று கருதிய குவேக்கர், ஒரே விலை சொல்லி அதிலேயே நின்றனர். தொடக்கத்தில் வாடிக்கையாளர் விலகினர். பின்னர், குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்றறிந்து திரும்பி வந்தனர் என ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார்.

இவற்றினும் கடுமையான சோதனை நீதிமன்றத்தில் காத்திருந்தது. எவ்வகையிலும் ஆணையிட வேண்டாம், ஆம் இல்லை என்பதே போதும் என்பது மலைப்பொழிவில் இயேசுவின் போதனை. நீதி நடுவர் கேட்கும்போது ஆணையிடலாம் என்பது இங்கிலாந்துத் திருச்சபையின் நிலை. அதன் முப்பத்தொன்பது கோட்பாடுகளில் இறுதியானது இதனையே கூறும். குவேக்கர் இதனை ஏற்கவில்லை. ஆணையிட்டுச் சொல்வதே மெய் எனின் ஆணையிடாமல் சொன்னவை என்ன? உண்மைக்கு இரு தரங்கள் இருக்கவியலாது என்பதே அவர்தம் வாதம்.

1660இல் முடியாட்சி மீண்டபின் இந்நிலைப்பாடு அரசுக்கு ஐயத்தை ஊட்டியது. ஆணையிட மறுப்போரைத் தண்டிக்க 1662இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. பிற குற்றச்சாட்டு நிலைக்காதபோதும் அரசப் பற்றுறுதி ஆணையை நீட்டினால் போதும். குவேக்கர் தாமே சிக்கிக்கொள்வர். நீதிபதி ஒருவரின் கைம்பெண்ணான மார்கரெட் ஃபெல் 1664இல் இவ்வாறே தண்டிக்கப்பட்டார். ஆயுட்சிறையும் சொத்துப் பறிமுதலும் தீர்ப்பு. 1668இல் விடுதலையாகும்வரை லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் இருந்தார். வெளியேயிருந்தோர்க்கும் இடர் உண்டு. களவு கொடுத்த குவேக்கர் கள்வனுக்கெதிராகச் சாட்சி சொல்லவியலாது. பொய்யாணைக்கு அஞ்சாதவன் சொல் மன்றம் ஏறும். பொய்யே சொல்லாதவன் சொல் வாயிலில் நிற்கும்!

1696இல் நாடாளுமன்றம் ஆணைக்கு மாற்றாக உறுதிமொழியை அனுமதித்தது. அதிலும் கடவுளைச் சாட்சியாக அழைக்கும் சொற்கள் இருந்தமையால், இதுவும் ஆணையே என்று குவேக்கருள் ஒரு சாரார் மறுத்தனர். 1722இல்தான் அச்சொற்கள் நீங்கின. குற்ற வழக்கில் சாட்சி சொல்லும் உரிமை 1828இல் கிட்டியது. 1833இல் ஜோசப் பீஸ் உறுதிமொழி கூறி மக்களவையில் அமர்ந்தார். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுப் போராட்டம்!

இக்காப்பும் சில இடங்களில் வெறும் சடங்காயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் அனைவரும் அனைவரையும் பன்மையிலேயே விளிக்கத் தொடங்கியபின் குவேக்கரின் 'நீ' சமத்துவத்தைக் காட்டவில்லை. குழு அடையாளமாக எஞ்சியது. ஆணை மறுப்போ அவ்வாறு தேயவில்லை. கடவுள் மறுப்பாளரான சார்லஸ் பிராட்லாவின் முயற்சியால் வந்த 1888ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வழியைச் சமய நம்பிக்கை இல்லாதவர்க்கும் திறந்துவிட்டது.

இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இரு வழிகள் உள்ளன: கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். ஆங்கிலச் சட்ட மரபின் வழியே நம்மை வந்தடைந்த ஏற்பாடு இது. பகுத்தறிவு இயக்க வழிவந்த நம் அமைச்சர்கள் உளமார உறுதிகூறிப் பதவியேற்கும்போது, கடவுளுக்கு அஞ்சியதாலேயே கடவுள் பெயரால் ஆணையிட மறுத்தோர் பெற்றுத்தந்த உரிமையையும் பயன்படுத்துகின்றனர். எந்த வழியில் உறுதி கூறினாலும், அதற்கு முன்னும் பின்னும் பேசுவனவும் மெய்யாக இருத்தல் வேண்டும் என்பதே லங்காஸ்டர் சிறையில் இருந்தவர்கள் கேட்டது.