பட்டணம் பார்க்கப் போன குடும்பம்

குடும்பத்தோடு ஒரு நாள் ஊர் சுற்றக் கிளம்பினால் அப்பாக்களுக்கு டிக்கெட் கவலை, பில் கவலை. அம்மாக்களின் கவலை வேறு. 'போற இடத்துல பாத்ரூம் இருக்குமா?' அதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற பெண்களை எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே உண்டு.

இந்தக் கவலைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. லண்டனுக்குப் போவோம்.

1851, மே 1. ஹைட் பார்க்கில் இரும்பும் கண்ணாடியுமாக எழும்பி நின்ற மாளிகையை விக்டோரியா மகாராணி திறந்து வைத்தார். உள்ளே உலகமகா கண்காட்சி. நம்மிடமிருந்து போன கோஹினூர் வைரத்தைக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். பார்த்தவர்கள் 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்கினார்கள். எதிர்பார்த்த ஜொலிப்பு இல்லையாம்! (அடுத்த வருஷமே அதை வெட்டிச் செதுக்கிச் சின்னதாக்கிவிட்டார்கள். அது தனி வயிற்றெரிச்சல்.)

ஆரம்பத்தில் பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியானது. மே கடைசியில் வாரத்தில் சில நாட்களுக்கு டிக்கெட் ஒரு ஷில்லிங் என்று இறக்கினார்கள். அவ்வளவுதான், வெளியூர்க் குடும்பங்கள் எக்ஸ்கர்ஷன் ரயில் பிடித்து வந்து குவிந்தன. ஐந்தரை மாதத்தில் சுமார் 60 லட்சம் நுழைவுகள். உள்ளே மதுவுக்குத் தடை. அதனால் சோடா, லெமனேட், ஜிஞ்சர் பியர் மட்டும் 10 லட்சம் பாட்டில்களுக்கு மேல் காலி. பன், 9 லட்சத்துக்கு மேல்.

10 லட்சம் பாட்டில் உள்ளே போனால்...?

அதைப் பற்றி யோசித்தவர் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பிளம்பர். கண்காட்சியில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நவீனக் கழிப்பறைகளைப் போட்டார். கட்டணம் ஒரு பென்னி. காசு கொடுத்துப் போனவர்கள் 8 லட்சத்துக்கும் மேல்!

கண்காட்சி முடிந்தது. கூட்டம் கலைந்தது. பிறகு? தெருவில் ஆண்களுக்கு வசதிகள் பெருகின. பெண்களுக்கு ரொம்ப ரொம்பக் குறைவு. கண்ணியமான பெண்மணிக்கு அப்படியொரு தேவை இருப்பதாகவே அந்தக் காலத்து கனவான்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் தாங்குமோ, அவ்வளவு தூரம்தான் ஒரு பெண் போகலாம்.

இதற்காகச் சண்டை போட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பெர்னார்ட் ஷா. நாடகம் எழுதிய அதே ஷாதான். 1897லிருந்து 1903 வரை லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் பகுதியின் உள்ளாட்சி உறுப்பினராக இருந்தார். கேம்டனில் பெண்களுக்கு ஒரு பொதுக் கழிப்பறை வேண்டும் என்றபோது, 'எங்கள் சொத்து மதிப்பு என்ன ஆவது?' என்று அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு. எவ்வளவு இடம் அடைக்கும் என்று பார்க்க மரத்தில் ஒரு மாதிரி செய்து ரோட்டில் நிறுத்தினார்கள். வண்டிக்காரர்கள் வரிசையாக வந்து அதன்மேல் வேண்டுமென்றே மோதினார்கள். பார்த்தீர்களா, டிராஃபிக்குக்கு எவ்வளவு இடைஞ்சல்! ஆண்களுக்கு இலவசம், பெண்களுக்கு மட்டும் ஒரு பென்னியா என்றும் ஷா கேட்டார். ஏழைப் பெண்ணுக்கு அந்த ஒரு பென்னி பெரிய காசு.

சரி, சாப்பாடு? ஆண்களுக்குக் கிளப் இருந்தது, பப் இருந்தது. ஒரு பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தைரியமாக நுழைந்து, டீ குடித்துவிட்டு, கௌரவமாக வெளியே வர இடம் குறைவு. இதில் வியாபாரம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்தது ஒரு புகையிலை வியாபாரக் குடும்பம். ஆனால் ஓட்டல் தொழிலில் தங்கள் பேர் அடிபடுவதில் அவர்களுக்குக் கூச்சம். அதனால் கூட்டாளி ஜோசப் லயன்ஸின் பேரைப் போட்டார்கள். 1894ல் பிக்காடிலியில் முதல் டீக்கடை. வெள்ளை, தங்க நிறத்தில் முகப்பு, சுத்தம், நியாயமான விலை. கிளைகள் முளைத்தபடி இருந்தன.

1909ல் கவென்ட்ரி தெருவில் 'கார்னர் ஹவுஸ்' திறந்தார்கள். மாடிக்கு மாடி ரெஸ்டாரன்ட், பேண்டு வாத்தியம். தியேட்டர் டிக்கெட்கூட அங்கேயே புக் பண்ணலாம். காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொரு விஷயம் பிடிக்கும். விலை மலிவு என்றால் லாபம் மெல்லிசு, கணக்கில் ஒரு காசு பிசகக் கூடாது. அதற்காகவே அந்த டீக்கடைக் கம்பெனி சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் செய்தது. பெயர் லியோ. 1951ல் அது பேக்கரிக் கணக்குப் போட ஆரம்பித்தது. ஆபீஸ் வேலையைத் தொடர்ந்து செய்த உலகின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். ரொட்டிக்கு! கடைசி கார்னர் ஹவுஸ் 1977ல் மூடப்பட்டது.

சாயங்காலம் நாடகம். இங்கே பயம் நெருப்பு. கேஸ் விளக்கு, திரைச்சீலை, மரம்... 1887ல் எக்ஸெட்டர் நகர நாடகக் கொட்டகையில் தீப்பிடித்து 186 பேர் செத்துப்போனார்கள். லண்டனில் அதற்கு ஆறு வருஷம் முன்பே, சவாய் தியேட்டரில் சுமார் 1,200 மின்விளக்குகளைப் போட்டிருந்தார் ரிச்சர்ட் டாய்லி கார்ட். ஜனங்களுக்குக் கரன்ட் என்றால் கிலி. ஒருநாள் அவரே மேடையேறி, எரிந்துகொண்டிருந்த பல்பை எல்லோர் முன்னாலும் உடைத்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கைத்தட்டல்!

பயம் போனதும் குடும்பங்கள் வந்தன. குழந்தைகளுக்கென்றே எழுதிய நாடகங்களும் வந்தன. 1904, டிசம்பர் 27. டியூக் ஆஃப் யார்க் தியேட்டரில் 'பீட்டர் பேன்' முதல் காட்சி. எழுதியவர் ஜே.எம். பேரி. கதையில் டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதை சாகக் கிடக்கிறாள். 'தேவதைகள் உண்டு என்று நம்புகிறவர்கள் கை தட்டுங்கள்' என்று பீட்டர் சபையைப் பார்த்துக் கெஞ்ச வேண்டும். யாரும் தட்டாவிட்டால்? முதல் நாள் வந்திருந்தவர்களோ பெரும்பாலும் பெரியவர்கள். பேரிக்கு வயிற்றைக் கலக்கியது. சபையில் சத்தம் வராவிட்டால் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு நீங்களாவது தட்டுங்கள் என்று ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

அவர்களுக்கு வேலையே வரவில்லை. கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்திருந்த கனவான்கள் தட்டிய தட்டில், பீட்டராக நடித்த நடிகை நினா பௌசிகால்ட் மேடையிலேயே அழுதுவிட்டார்.