சந்திரநாகூர்

சந்திரநாகூர் மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த பழைய பிரெஞ்சு நகரம். கொல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ளது. இன்று சந்தன்நகர் என வழங்கும் இவ்வூர் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றுடன் பிரெஞ்சிந்தியாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஐந்தில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் வராத ஊர் இது ஒன்றே.

1673-இல் வங்காள நவாபின் அனுமதியுடன் பிரெஞ்சுக்காரர்கள் இங்கு முதலில் இடம் பிடித்தனர், அது நிலைக்கவில்லை. ஔரங்கசீப்பின் ஆணையைப் பெற்று, 1690 வாக்கில் குடியேற்றத்தை ஊன்றச் செய்தவர் புதுச்சேரியை உருவாக்கிய பிரான்சுவா மார்த்தேனின் மருமகன் தெலாந்து. 1690-களின் பிற்பாதியில் ஆற்றோரம் கோட்டை எழுந்தது. பிரெஞ்சு அரசகுலத்தின் ஒரு கிளையைக் குறிக்கும் ஓர்லெயான் என்ற பெயர் அதற்கு இடப்பட்டது.

ஊர் செழித்தது தூப்ளேயின் காலத்தில். 1731 முதல் 1741 வரை அவர் இங்கே தலைவராக இருந்தார். துணி, பட்டு, வெடியுப்பு ஏற்றிய கப்பல்கள் ஆற்றுத்துறையில் நெருக்கியடித்தன. புதுச்சேரியில் பிறந்த ழான் ஆல்பெரை 1741-இல் அவர் மணந்ததும் இவ்வூரில்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்த அம்மாளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மறு ஆண்டில் தூப்ளே புதுச்சேரி ஆளுநரானார். தென்னாட்டில் அவர் ஆடிய பெரிய ஆட்டத்துக்கான பயிற்சிக்களம் இந்த வங்காளத்துக் கரை என்று சொல்லலாம்.

கோட்டைக்கு ஆயுள் அறுபது ஆண்டுதான். 1757 மார்ச்சில் ஆங்கிலத் தளபதி கிளைவ் தரைவழியாகவும் அட்மிரல் வாட்சன் ஆற்றுவழியாகவும் வந்தனர். ஆங்கிலக் கப்பல்களைத் தடுக்க ஆளுநர் ரெனோ சில கப்பல்களை ஆற்றில் மூழ்கடித்திருந்தார். அவற்றின் இடையே வழி இருப்பதை ஆங்கிலேயர் கண்டுகொண்டனர். மார்ச் 23 அன்று டைகர், கென்ட், சாலிஸ்பரி ஆகிய போர்க்கப்பல்கள் கோட்டைக்கு அருகே வந்து சுட்டன. சுமார் மூன்று மணி நேரச் சண்டையில் இருதரப்பிலும் சேதம் கடுமை, கோட்டை சரணடைந்தது. ஊரை வாழவைத்த ஆறே பகைவரையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 23-இல், பிளாசிப் போர் நடந்தது.

ஆங்கிலேயர் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். 1763-இன் பாரிஸ் உடன்படிக்கை ஊரைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் அரண் கட்டவோ படை வைக்கவோ கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே தந்தது. ஆகவே கோட்டையைத் தேடி வருபவர் ஏமாறுவார். ஊருக்குத் தெற்கே கௌர்ஹாட்டியில் ஆளுநர்கள் விருந்து நடத்திய தோட்ட மாளிகையும் பிற்காலத்தில் பாழடைந்துவிட்டது. 1763-க்குப் பின் போர் மூளும்போதெல்லாம் ஆங்கிலேயர் ஊரைப் பிடிப்பதும் சமாதானம் வந்தால் விடுவதுமாக இருந்தனர். 1816-இல்தான் அது பிரெஞ்சுக்காரர் கையில் உறுதியாக நின்றது. அதற்குள் வணிகம் முழுவதும் கல்கத்தாவுக்குப் போயிருந்தது.

பிரிட்டிஷ் காவல்துறை கால்வைக்க முடியாத நிலம் என்பதால் இருபதாம் நூற்றாண்டில் இவ்வூருக்குப் புரட்சியாளர்களின் புகலிடம் என்ற வேறொரு மதிப்பு வந்தது. 1908-இல் தூக்கிலிடப்பட்ட கனாய்லால் தத்தா இவ்வூர்க்காரர். ராஷ் பிகாரி போஸ் இங்கு வளர்ந்தவர். 1910 பிப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து படகேறிய அரவிந்தர், மோதிலால் ராயின் ஆதரவில் சில வாரங்கள் இங்கு மறைந்திருந்தார். பிறகு கப்பலில் ஏறி, ஏப்ரல் 4-இல் புதுச்சேரியில் இறங்கினார். பாரதியாரும் அப்போது அங்கேதான் அடைக்கலம் புகுந்திருந்தார்.

1949 ஜூன் 19-இல் நடந்த வாக்கெடுப்பில் இந்தியாவுடன் சேர ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். பிரான்சுடன் இருக்க விரும்பியவர் நூற்றுச்சொச்சம் பேர். 1950 மே 2-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1954 அக்டோபர் 2-இல் ஊர் மேற்கு வங்கத்துடன் இணைக்கப்பட்டது. புதுச்சேரி கைமாறியது அதற்கு ஒரு மாதம் கழித்து, நவம்பர் 1-இல்.

காண வேண்டியவை பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே உள்ளன. ஸ்ட்ராண்ட் எனப்படும் கரைச்சாலை சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். மர நிழலும் கல் இருக்கைகளும் கொண்டது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைப் பார்த்தவருக்கு அதன் தங்கை போலத் தெரியும். அதன் படித்துறையில் தூண்கள் தாங்கிய மண்டபம் ஒன்று உண்டு. பிரெஞ்சு அரசின் லெழியோன் தொனேர் விருது பெற்ற துர்காசரண் ரக்ஷித்தின் நினைவாக 1921-இல் கட்டப்பட்டது. தூப்ளே மாளிகை எனப்படும் முன்னாள் ஆளுநர் இல்லத்தில் அருங்காட்சியகமும் பிரெஞ்சு மொழி வகுப்புகளும் நடக்கின்றன. பீரங்கிகள், மரச்சாமான்கள் அங்கு உள்ளன. 1884-இன் திரு இருதய ஆலயம் அருகிலேயே இருக்கிறது. சற்றுத் தெற்கே பாதாள் பாரி என்னும் வீட்டின் அடித்தளம் ஆற்று மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது. தாகூர் அங்கு தங்கியதுண்டு. பாஸ்டில் சிறையின் வீழ்ச்சியை நினைவுகூர 1937-இல் கட்டிய நுழைவாயிலில் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்ற முழக்கம் பிரெஞ்சில் பொறிக்கப்பட்டுள்ளது. காலனி ஆட்சி அதைத் தன் குடிமக்கள் தலைக்கு மேலேயே எழுதிவைத்தது ஒரு வேடிக்கைதான்.

துர்கா பூஜைக்கு ஒரு மாதம் கழித்து வரும் ஜகத்தாத்ரி பூஜை ஊரின் பெருவிழா. அதற்கான ஒளியலங்காரம் இவ்வூர்க் கைவினைஞர்களின் தனித்தொழில். சின்ன பல்புகளுக்கு வண்ணத்தாள் சுற்றி, சட்டங்களில் உருவமாகக் கோத்து, சுழலும் மர உருளையால் மின்சாரத்தை மாற்றிமாற்றிக் கொடுப்பார்கள். மயில் தோகை விரிக்கும், ரயில் ஓடும். இப்போது எல்இடி வந்துவிட்டது. மற்ற நகரங்களின் விழாக்களுக்கும் இவர்களையே அழைக்கிறார்கள்.

இனிப்பில் ஜல்பரா சந்தேஷ் பேர்போனது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைக் கேலிசெய்ய ஜமீன்தார் வீட்டார் கேட்டபடி சூர்ய மோதக் என்ற மிட்டாய்க்காரர் இதைச் செய்தார் என்பது வழங்கிவரும் கதை. கடித்ததும் உள்ளிருக்கும் பன்னீர்ப் பாகு சட்டையில் வழியும்.

ஹவுராவிலிருந்து புறநகர் ரயில்கள் அடிக்கடி உண்டு. எதிர்க்கரை ஜகத்தலுக்குப் படகுப் போக்குவரத்து இருக்கிறது. வடக்கே டச்சுக்காரரின் சின்சுராவும் போர்த்துகீசியரின் பாண்டேலும், தெற்கே டேனியரின் சேராம்பூரும் இதே ரயில் பாதையில் உள்ளன. தரங்கம்பாடியைப் போலவே சேராம்பூரும் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.