எழுத்தர் மாளிகை

பிற மாநிலங்களில் பணிபுரியும் நாம், நம் அலுவலகத்தைப் பற்றி ஊராரிடம் கூறுங்கால் கட்டடத்தின் உயரத்தையே முதலிற் கூறுகிறோம். கட்டடம் உயர்ந்திருப்பின் உத்தியோகமும் உயர்ந்தது என்பது உலகியல் எண்ணம்.

கொல்கத்தாவில் லால் திகிக் குளத்தின் வடபால் நிற்கும் ரைட்டர்ஸ் மாளிகையை நோக்குவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர்களுக்காக 1777ஆம் ஆண்டில் தாமஸ் லயன் அதனை வகுத்தார். நம் காவல் நிலையங்களில் வழங்கும் ‘ரைட்டர்’ என்ற சொல்லே அதன் பெயரிலும் உள்ளது. அன்று அது அலங்காரமற்ற நீண்ட கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் பெருந்தூண்களும் மினர்வா சிலையும் அதன் முகப்பை அணி செய்தன. அவை குமாஸ்தாவின் வசதிக்காக எழுந்தவையல்ல. மனுவோடு வருபவன் ஆட்சியைக் கண்டு மலைப்பதற்காக எழுந்தவை.

1930 டிசம்பர் 8ஆம் நாள் வினய், பாதல், தினேஷ் என்னும் மூன்று இளைஞர்கள் உட்புகுந்து, சிறைத்துறைத் தலைவர் சிம்சனைச் சுட்டனர். அம்மலைப்பு அன்று தகர்ந்தது. எதிரிலுள்ள சதுக்கம் இன்று அம்மூவர் பெயரையே தாங்குகிறது.

முகப்பு பொலிந்தது, உள்ளேயோ, முற்றங்களில் பிற்காலத்தில் எழுந்த கட்டடங்கள் நெருக்கத்தைப் பெருக்கின. சீரமைப்புக்கென 2013இல் முதலமைச்சரின் அலுவலகம் ஹௌராவுக்கு மாறியது.

முகப்பு காண்போருக்கு உரியது. காற்றும் ஒளியும் உழைப்போருக்கு உரியவை. அலுவலகத்தின் தரத்தை நாம் இரண்டாவதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.